நெருங்கி நிற்கும் எண்கள்

சிங்கப்பூரில், ஈசூன் அவென்யூ 7-இல் முராட்டா நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. பீங்கான் மின்தேக்கி என்றதும் மின்னணுத் துறையினர் வாயில் முதலில் வரும் பெயர்களில் ஒன்று இந்த ஜப்பானிய நிறுவனத்தினுடையது. கைப்பேசியின் பின்மூடியைக் கழற்றினால் சர்க்யூட் போர்டின் மேல் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை இந்த வகை மின்தேக்கிகள்தாம். அவற்றின் உருவளவை நான்கு இலக்கங்களில் சொல்வது துறையின் வழக்கம். 0402 என்றால் நீளம் 0.04 அங்குலம், அகலம் 0.02 அங்குலம்; அதாவது ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர். இது அமெரிக்கக் கணக்கு. ஜப்பானியக் கணக்கில் அதே 0402, 0.4 மில்லிமீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர், தூள் உப்பின் ஒரு பரல் அளவுதான் வரும். இரண்டும் உண்மையான பொருள்கள், இரண்டும் விற்பனையில் உள்ளவை. பெரியது போர்டில் அடைக்கும் பரப்பு சின்னதைப்போல் ஆறேகால் மடங்கு. 0603-இன் கதையும் இதுவே: அங்குலக் கணக்கில் 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர், மெட்ரிக் கணக்கில் 0.6-க்கு 0.3. பட்டியலில் '0402' என்று மட்டும் எழுதி ஒருவர் பத்தாயிரம் உருப்படி கேட்டால், எதை அனுப்புவது என்பதை அந்த எண் சொல்லாது. முராட்டா தன் பொருள்களுக்குத் தனிக் குறியீடு வைத்திருக்கிறது: பெரிய 0402-க்கு ஜிஆர்எம்15, சின்ன 0402-க்கு ஜிஆர்எம்02. எந்த நோக்கத்தில் வைத்திருந்தாலும், குழப்பத்துக்கு இடமில்லாத ஒரே பெயர் அதுதான்.

மெட்ரிக், பிரிட்டிஷ் என்ற இரண்டு அளவை முறைகளோடு ஒரே ஊரில் வாழ்வதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கணக்கைத்தான் குறை சொல்வார்கள். 2.54-ஆல் பெருக்கு, 10.76-ஆல் வகு, மண்டை காய்கிறது என்பார்கள். இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் விலகி நிற்பதுதான் தொல்லை என்பது பொதுக் கருத்து. நான் சொல்ல வருவது நேர்மாறானது. எண்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. விலகல் கண்ணில் படும். அவை நெருங்கி வரும்போதுதான், ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்போதுதான், பொருள் பாழாகிறது, நீர் ஒழுகுகிறது, காசு போகிறது. இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூரைவிட வாகான ஊர் கிடைப்பது அரிது. மெட்ரிக் முறைக்கு ஒழுங்காக மாறிய ஊர் இது. அங்குலத்தை இன்னும் விடாத ஊரும் இதுதான்.

மாற்றம் 1970-களில் நடந்தது. அரசாங்கம் மெட்ரிக் வாரியம் ஒன்றை அமைத்து, துறை துறையாக மாற்றிக்கொண்டே வந்தது. அதுவரை இங்கே புழங்கியவை இரண்டு முறைகள்கூட அல்ல, குறைந்தது மூன்று. துணிக்குக் கெஜம், நிலத்துக்கு அடியும் ஏக்கரும், சாலைக்கு மைல். புக்கித் தீமாவில் ஒரு வட்டாரத்துக்கு 'ஏழாம் மைல்' என்பதே பெயர். சந்தையில் கட்டி, தாயில், பிக்குல். அரிசிக்கு மலாய்க்காரர்களின் காந்தாங். இவற்றைப் பிரிட்டிஷ் ஆட்சி அப்படியே விடாமல் தன் அளவுகளோடு முடிச்சுப் போட்டுவிட்டது: ஒரு கட்டி என்பது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் ராத்தல், அதாவது 604.79 கிராம்; நூறு கட்டி ஒரு பிக்குல்; ஒரு காந்தாங் ஒரு பிரிட்டிஷ் காலன். கட்டியிலிருந்து கிலோவுக்கு மாறியதில் சந்தை குழம்பிப்போகவில்லை என்பது எனக்கு வியப்பளிப்பதில்லை. ஒரு கிலோ மீன் கூடையில் கனக்கும் கனம் வேறு, ஒரு கட்டியின் கனம் வேறு. விலையும் அறுபத்தைந்து விழுக்காடு ஏறி நிற்கும். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். சங்கடம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. சீனப் பெருநிலத்தில் இதே எடை 500 கிராம், தைவானில் 600, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 604.79. மூன்றுக்கும் சீன மொழியில் ஒரே பெயர். நூறு கிராம் வித்தியாசம் கைக்குச் சட்டென்று உறைக்காது. சண்டைக்கு வித்து கிலோவுக்கும் கட்டிக்கும் இடையில் இல்லை, கட்டிக்கும் கட்டிக்கும் இடையில்தான்.

லிட்டில் இந்தியாவின் விளிம்பில், ஜாலான் புசாரில், சிம் லிம் டவர் நிற்கிறது. மின்னணு உதிரிபாகங்களுக்கு இந்நகரில் பேர்போன கட்டடம். அங்கே விற்கும் பின் வரிசைகளில் பெருவாரியானவற்றின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்று. அதே தட்டில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இணைப்பிகளும் இருக்கும். வித்தியாசம் 0.04 மில்லிமீட்டர், மனிதத் தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. நான்கு பின் கொண்ட இணைப்பி என்றால் முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரை சேரும் பிழை 0.12 மில்லிமீட்டர். லேசாக அழுத்தினால் உள்ளே போய்விடும், வேலையும் செய்யும். நாற்பது பின் வரிசை என்றால் முப்பத்தொன்பது இடைவெளிகள், பிழை 1.56 மில்லிமீட்டர். பாதி இடைவெளிக்குமேல் தள்ளிப் போய்விடும், எந்த அழுத்தத்துக்கும் இறங்காது. இதில் எது ஆபத்தானது என்று கேட்டால், இறங்காதது அல்ல. அது வாங்கிய அன்றே தன் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். இறங்கிவிட்ட நான்கு பின்தான் கால்களை ஒருபக்கமாக இழுத்து, பற்றுவைப்பில் ஓயாத அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

திருகாணிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எம்5 என்னும் மெட்ரிக் திருகாணியின் விட்டம் 5 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.8. அமெரிக்கக் கருவிகளில் வரும் 10-32 திருகாணியின் விட்டம் 4.83 மில்லிமீட்டர், இடைவெளி 0.794. எம்5 நட்டுக்குள் 10-32 வழுக்கிக்கொண்டு போகும். விரலால் திருகும்போது சற்றுத் தளர்வாக இருக்கும், அவ்வளவே. ஸ்பானர் போட்டு இறுக்கும்போதுதான் மரை நுனிகள் மட்டும் பாரத்தைத் தாங்கி வழித்துக்கொண்டு வரும். வீட்டுக் குழாயிலும் இதே நாடகம். ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறையில் உள்ள 'அரை இன்ச்' பொருத்து பிரிட்டிஷ் குழாய் மரை: அங்குலத்துக்கு 14 மரை, மரைக்கோணம் 55 பாகை, வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர். அரை இன்ச் என்ற பெயருள்ள அந்த மரையை எந்தப் பக்கம் அளந்தாலும் 12.7 மில்லிமீட்டர் கிடைக்காது என்பது ஒரு வேடிக்கை. அமெரிக்காவுக்காகச் செய்த தண்ணீர் வடிகட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினால் அதிலும் அரை இன்ச், அதிலும் அங்குலத்துக்கு 14 மரை. ஆனால் கோணம் 60 பாகை. இரண்டு மூன்று சுற்று அழகாகப் போகும், பிறகு இறுகும். வெள்ளை டேப்பைக் கூடுதலாகச் சுற்றினால் முதல் நாள் ஒழுகாமலும் இருக்கலாம். மெட்ரிக் முறை இந்தக் கதையில் எங்குமே வரவில்லை. இரண்டும் அங்குலக்காரர்கள்தான்.

அங்குலக்காரர்களுக்குள்ளேயே இந்தப் பிளவு வந்தது எப்படி என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் 55 பாகை மரையைத் தரப்படுத்தினார். 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 60 பாகை செய்வது எளிது என்று தனி மரையை முன்வைத்தார். பல அளவுகளில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை ஒன்றே. ஆனால் கோணம் வேறு. அரை அங்குலத்தில் மட்டும் விட்வொர்த்துக்கு 12, அமெரிக்கருக்கு 13. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்று போரிட்டபோதுதான், ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் சேராது என்பதன் முழு விலையை இரு நாடுகளும் உணர்ந்தன. 1948-இல் கனடாவையும் சேர்த்துக்கொண்டு பொது மரைக்கு ஒப்புக்கொண்டார்கள். ஈசூனுக்கு வடக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் கட்டி, 1938-இல் ஆயிரம் அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் உலர்துறையைத் திறந்தது விட்வொர்த் மரையின் காலத்தில்தான். தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை செய்த அந்தத் தளத்தின் கப்பல்துறை 1968-இல் சிங்கப்பூரின் கப்பல் பட்டறையாக மாறியபோது கட்டடங்களோடும் பளுதூக்கிகளோடும் சேர்ந்து கைமாறியது ஒரு மரைக்கோணமும்தான்.

இனி விலகி நிற்கும் எண்களுக்கு வருவோம். வீவக நான்கறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர். அடியில் சொன்னால் 969. இதை அது என்று எவரும் மயங்கியதாகக் கேட்டதில்லை. 90 சதுர அடியில் குடும்பம் நடத்த முடியாது. ரத்தச் சர்க்கரையும் அப்படியே. சென்னையிலிருந்து பேசும் அக்கா 'சுகர் 126' என்பார். ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையின் அறிக்கை அதையே 7.0 என்று அச்சிடும். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல். இடையில் 18 மடங்கு. குடும்பங்கள் பல ஆண்டுகளாக இந்த இரட்டைக் கணக்கில் புழங்குகின்றன, '7 என்றால் அங்கே எவ்வளவு' என்று கேட்டுக்கொள்கின்றன. கேட்கத் தோன்றுகிறது என்பதே பாதுகாப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இங்கே இரண்டுமே மெட்ரிக் அலகுகள். ஆகவே பிரிட்டிஷ் அளவை ஒழித்தால் இரட்டைக் கணக்கு ஒழிந்துவிடும் என்பது பொய்.

இதே அறிக்கையில் உண்மையான பொறி வேறோர் இடத்தில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, விழுக்காட்டில் வரும். அதில் 7 என்பதும், வெறும் வயிற்றுச் சர்க்கரையில் 7 என்பதும் சிங்கப்பூர் நோயாளிக்கு ஒரே இலக்கமாகத் தெரிகின்றன. எச்பிஏ1சி 7 விழுக்காடு என்றால் சராசரிச் சர்க்கரை 8.6 மில்லிமோல்; ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு தவறும். சென்னைக்காரருக்கு அந்த மயக்கம் வராது. அவர் கையில் 7-உம் 126-உம் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்க யாராலும் முடியாது. மருத்துவ அலகுகளில் நவீனமானது எது என்ற விவாதத்தில் மில்லிமோல்தான் வெல்லும். மயங்காமல் இருப்பதில் வெல்வது பழைய மில்லிகிராம்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இயக்கமே இல்லாமல் மிதந்து வந்து, கிம்லியில் ஒரு பழைய விமானத்தளத்தில் இறங்கியது. உயிரிழப்பு இல்லை. அந்தப் பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள், அது லிட்டரை ராத்தலாக்கும் எண். சேர்க்க வேண்டியது 20,088 லிட்டர், சேர்த்தது 4,917. ராத்தலும் கிலோவும் 2.2 மடங்கு விலகி நிற்பவை ஆயிற்றே, இத்தனை விலகல் இருந்தும் ஏன் எவர் கண்ணிலும் படவில்லை? இந்த வினா என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறது. விலகல் கண்ணில் பட வேண்டுமானால் பார்க்கும் கண்ணுக்கு வழக்கமான எண் எது என்று பழகியிருக்க வேண்டும். அந்த 767, ஏர் கனடாவுக்குப் புதிது. எரிபொருளைக் கிலோவில் காட்டிய அதன் முதல் விமான வகை. அதில் 22,300 என்பது எவ்வளவு கனம், எத்தனை லிட்டர் என்ற பழக்கம் ஒருவருக்கும் ஏறியிருக்கவில்லை. கணக்கிலோ 1.77 என்று அலகில்லாத வெறும் எண் நின்றது. 90 சதுர மீட்டரை நமக்குத் தெரியும், ஏனென்றால் அதில் குடியிருக்கிறோம். 1999-இல் செவ்வாயருகே தொலைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தில் மனிதக் கண்ணுக்கே வேலை குறைவு; ஒரு நிரல் ராத்தல்-விசை-வினாடியில் எழுதியதை மறு நிரல் நியூட்டன்-வினாடியில் படித்தது. 4.45 மடங்கு பிழை, ஆனால் ஒவ்வொரு திருத்தமும் மிகச் சிறியது. ஆகவே வாதத்தை இப்படித் திருத்திச் சொல்கிறேன்: பழகிய கண் பார்க்கும் இடத்தில் விலகிய எண்கள் பாதுகாப்பு, பழகாத கண்ணுக்கும், கண்ணே இல்லாத கணினிக்கும், எல்லா எண்களும் நெருங்கி நிற்பவைதான்.

அடுத்த மறுப்பு எளிது: எதற்கு இத்தனை வம்பு, அங்குலத்தை முழுவதும் ஒழித்துவிட்டால் என்ன? முதலில் ஒரு செய்தி. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு கெஜம் சரியாக 0.9144 மீட்டர், ஒரு ராத்தல் சரியாக 0.45359237 கிலோ. அன்றிலிருந்து அங்குலம் என்று தனி அளவே கிடையாது, 25.4 மில்லிமீட்டருக்கு இன்னொரு பெயர் அது. பல இடங்களில் பெயரும்கூட நீளத்தைக் குறிப்பதில்லை, பொருத்தத்தைக் குறிக்கிறது. சிங்கப்பூர்த் துறைமுகம் 2024-இல் கையாண்ட சரக்கு 41.12 மில்லியன் 'இருபதடிப் பெட்டி'. அந்தப் பெட்டியின் நீளம் இருபதடி அல்ல, 6.058 மீட்டர், அதாவது 19 அடி பத்தரை அங்குலம். இரண்டு பெட்டிகளை மூன்று அங்குல இடைவெளி விட்டு வைத்தால் நாற்பதடிப் பெட்டியின் இடத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பதற்காக அப்படி. காரின் டயரில் 185/60 ஆர்15 என்றிருக்கும்: அகலம் மில்லிமீட்டரில், உயரம் விழுக்காட்டில், ரிம் விட்டம் அங்குலத்தில். மூன்று மொழி பேசும் ஒரே வரி. ஆனாலும் 185-ஐ அங்குலமாகவோ 15-ஐ மில்லிமீட்டராகவோ எடுப்பவர் இல்லை. மிஷெலின் நிறுவனம் 1970-களில் டிஆர்எக்ஸ் என்ற பெயரில் ரிம்மையும் மெட்ரிக்காக்கிப் பார்த்தது. அது தேர்ந்தெடுத்த அளவுகளில் ஒன்று 390 மில்லிமீட்டர். பதினைந்து அங்குலம் 381. ஒன்பது மில்லிமீட்டர் தள்ளி வைத்ததில் ஒரு தெளிவு இருக்கிறது. தவறான டயர் ரிம்மில் ஏறவே ஏறாது. சந்தையில் அது தோற்றது. ஆனால் புதிய அளவை வைக்கும் முறை அதுதான் என்பேன்.

முழுவதும் மாற்றுவதில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. பழைய எண்ணை ஒட்டிய முழு எண்ணுக்கு உருட்டிவிடுகிறார்கள். 2.54-ஐ 2.5 ஆக்கியது அப்படித்தான். சோவியத் சில்லுகள் அமெரிக்கச் சில்லுகளைப்போலவே இருந்தும் நீண்டவை குழியில் இறங்காமல் போனதற்குக் காரணமும் அதுவே. தச்சுப் பட்டறைக்கு வரும் ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டடி. மெட்ரிக்கில் 1220-க்கு 2440. அதன் பக்கத்திலேயே 1200-க்கு 2400 அளவில் ஜிப்சம் பலகைகளும் வருகின்றன. ஒரு பலகைக்கு அகலத்தில் இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு, மாற்றி எடுத்தால் தெரியாது; ஐந்தாவது பலகையில் பத்து சென்டிமீட்டர் ஆகி, சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்காற்று இருக்கும். எல்லா உருட்டலும் தீங்கு என்று சொல்ல மாட்டேன். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் பவுன் என்றால் 8 கிராம். மூலமான பிரிட்டிஷ் தங்கக் காசின் எடை 7.988 கிராம். நூறு பவுனுக்கு 1.2 கிராம் வேறுபாடு வரும். ஆனாலும் எவருக்கும் நட்டமில்லை. ஒவ்வொரு நகையும் மின்தராசில் ஏறி, கிராமுக்கு இவ்வளவு என்று பில் போடப்படுகிறது. பவுன் பேச்சுக்கு மட்டும். பொருள் ஒவ்வொரு முறையும் அளக்கப்படும் இடத்தில் நெருங்கிய எண்கள் பல் பிடுங்கிய பாம்பு. அளக்காமல், பெயரை நம்பி வாங்கும் இடத்தில்தான் அவை கடிக்கின்றன.

அப்படியானால் எதை விடலாம், எதை ஒழிக்கலாம்? தனியார் அடுக்குமாடியைச் சதுர அடிக்கு 2,000 வெள்ளி என்று விளம்பரம் செய்வதை ஒழிக்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். சதுர மீட்டருக்கு 21,528 வெள்ளி என்றால் வாங்குபவர் மிரள்வார், அதனால்தான் அடியில் சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இருக்கலாம், ஆனால் அது விற்பனைத் தந்திரம், அளவைப் பிழை இல்லை. மொத்த விலை இரண்டிலும் ஒன்றுதான். தொலைக்காட்சியின் 55 அங்குலமும் இருந்துவிட்டுப் போகட்டும். அரசாங்கத்துக்கும் தர அமைப்புகளுக்கும் உள்ள நேரத்தையும் பணத்தையும் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு: நான்கு இலக்க உதிரிபாகக் குறியீடுகள், அமெரிக்க-பிரிட்டிஷ் குழாய் மரைகள், எம்5-க்கும் 10-32-க்கும் இடையிலான அந்த 0.17 மில்லிமீட்டர். இவற்றில் பெயரோடு அளவையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்கினால் போதும். முராட்டா 2024-இல் 0.16-க்கு 0.08 மில்லிமீட்டர் அளவில் ஒரு மின்தேக்கியை அறிவித்தபோதும் அதன் பெயர் 006003 அங்குலம்தான். அடைப்புக்குறிக்குள் மில்லிமீட்டரும் இருந்தது. அதையே வாங்குபவர்களும் செய்யலாம். சிம் லிம் டவரில் இணைப்பியோ, பக்கத்து வன்பொருள் கடையில் குழாய்ப் பொருத்தோ வாங்கப் போகும்போது, பெயரைச் சொன்ன கையோடு மில்லிமீட்டரையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள்.